எவர்சில்வர் நெசவு

“இது சல்லடைதானே தம்பி? இதற்கா இவ்வளவு விலை?”

சிங்கப்பூரில் பாசிர் ரிஸ் கடற்கரைப் பூங்காவுக்குப் பக்கத்தில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக், ஒன்பதாவது மாடி. சாப்பாட்டு மேசையில் நான் பரப்பியிருந்த ஏழு கம்பிவலைத் துண்டுகளில் ஒன்றை எடுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார் டீச்சர். தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பேசும்போது ஒற்று விட்டுப்போனால்கூடப் பிடித்துவிடுவார் என்று என்னை அங்கே அனுப்பிய அவருடைய பழைய மாணவர் எச்சரித்திருந்தார். டீச்சர் நகத்தை வலையின்மேல் நெடுக்காக ஓட்டினார். சர்ரென்றது. குறுக்காக ஓட்டினார். அது வேறு சத்தம்.

“இந்தப் பக்கம் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் ஒரு மாதிரி கேட்கிறதே?”

“நெடுக்கில் ஓடுகிற பாவும் குறுக்கில் ஓடுகிற ஊடையும் ஒரே அளவு வளையாது டீச்சர். அதனால்தான்.”

துண்டை மேசையில் வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பாவு, ஊடை என்றா சொன்னீர்கள்? எந்த ஊர் உங்களுக்கு?”

கரூர். வெளியூர்க்காரர்களுக்கு அது பஸ்ஸுக்குப் பாடி கட்டும் ஊர். எனக்குக் கொசுவலை ஊர். அப்பா கொசுவலைத் தறியில் வேலை பார்த்தார். வலையை அவர் சோதிக்கும் விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது: உள்ளங்கையின்மேல் இழுத்துப் பிடித்து, ஓர் அங்குலத்துக்குள் எத்தனை கண் இருக்கிறது என்று நகநுனியால் எண்ணுவார். ஒரு கண் குறைந்தால் கொசு நுழையும். ஒரு கண் கூடினால் காற்று வராது, வாங்கியவன் திட்டுவான். இருபது ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூருக்கு வந்து, வீடுகளின் உட்புற வேலைகளை மேற்பார்க்கும் தொழிலில் சேர்ந்து, முதன்முதலாக எஃகுக் கம்பிவலைக்கு விலைப்பட்டியல் வாங்கியபோது சிரிப்பு வந்தது. அங்கேயும் அதே கணக்கு. பத்து ‘மெஷ்’ என்றால் அங்குலத்துக்குப் பத்துக் கண். அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். “நூல் மட்டும்தான் மாறியிருக்கிறது என்று சொல்” என்றார்.

பெயரையும் சொல்லிவிடுகிறேன். அச்சில் ‘துருப்பிடிக்காத எஃகு’. பட்டறையில் ‘எஸ்எஸ்’. அம்மாவுக்கும் டீச்சருக்கும் எவர்சில்வர். என்றைக்கும் வெள்ளி என்று யார் பெயர் வைத்தார்களோ, விற்கத் தெரிந்தவர்கள். அந்தப் பெயரை நம்பித்தான் பின்னால் நானும் ஓர் இடத்தில் சறுக்கினேன்.

டீச்சருக்கு வேண்டியது கேட்க எளியது, செய்யக் கடினமானது. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த தடுப்புச் சுவரை, அது கட்டடத்தைத் தாங்கும் சுவர் இல்லை என்பதால், வீவக அனுமதி வாங்கி எடுத்தாயிற்று. அந்த இடத்தில் என்ன வைப்பது? “அடுப்படியில் நான் நிற்கும்போது கூடத்தில் பேரன் என்ன செய்கிறான் என்று எனக்குத் தெரிய வேண்டும். ஆனால் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு என் பாத்திரத் தொட்டி தெரியக் கூடாது.” கண்ணாடி வேண்டாம், பேரன் போய் மோதுவான். மரச்சட்டம் வேண்டாம், பழைய வீட்டில் கரையான் தின்றதைப் பார்த்தவர். கடைசி நிபந்தனையை அவருடைய கணவர் சோபாவிலிருந்தே போட்டார்: “மீன் பொரிக்கிற வாசனையும் நிற்க வேண்டும் தம்பி.”

“அது மட்டும் நடக்காது சார்” என்று அப்போதே சொல்லிவிட்டேன். வலை வாசனையைத் தடுக்காது, சத்தத்தையும் தடுக்காது. சத்தத்தை விழுங்கக் கம்பிவலைக் கூரை போடுகிறோம் என்று சிலர் விற்கிறார்கள். விழுங்குவது வலைக்குப் பின்னால் ஒட்டிய பஞ்சுப் பலகை. வலை அதற்கு ஒரு நல்ல முகம், அவ்வளவுதான். ஒலிபெருக்கியின் முன்னால் வலை போடுகிறார்களே, அங்கே அதன் தகுதியே ஒலியை மறிக்காமல் விடுவதுதானே.

டீச்சர் கேட்ட ‘சல்லடைதானே’ என்ற கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. கம்பியை நெய்தவர்களுக்கு நெடுங்காலம் அதுதான் வேலை. சுரங்கத்தில் கல் சலிக்க வேண்டும். காகித ஆலையில் கூழை விரித்து நீரை வடிக்க வேண்டும். ஜெர்மனியில் டூரன் என்ற ஊர் காகித ஆலைகளுக்குப் பேர்போனது. அங்கே 1925இல் தொடங்கிய குஃபெராத் குடும்ப நிறுவனம் ஆலைகளுக்கு வடிகட்டியும் வார்ப்பட்டையும் நெய்துகொண்டிருந்தது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் டொமினிக் பெரோ, பாரிஸில் தேசிய நூலகத்தைக் கட்டும்போது அந்த ஆலைச் சரக்கை எடுத்து உள்கூரையிலும் சுவரிலும் திரைச்சீலை மாதிரித் தொங்கவிட்டார். நூலகத்துக்கு 1995இல் திறப்புவிழா நடந்தது. 1996 இறுதியில் வாசகர்கள் உள்ளே வந்தார்கள். அதற்குப் பிறகு கம்பித்துணி என்பது கட்டடக் கலைஞர்களின் சொத்தாகிவிட்டது. நான் அந்த நூலகத்துக்குப் போனதில்லை. படங்களில் பார்க்கையில் எனக்குக் கண்ணில் படுவது கூரையின் அழகைவிட அதன் ஓரம்: அவ்வளவு அகல வலையை எங்கும் தொய்வில்லாமல் எப்படி இழுத்துக் கட்டினார்கள்?

உள்ளூரில் வலை என்றதும் எல்லாரும் தஞ்சோங் பகாரில் இருக்கும் அந்தச் சிவப்பு ஹோட்டலைக் காட்டுவார்கள். வோஹா நிறுவனம் வடிவமைத்து 2016இல் திறந்த ஒயேசியா. கோபுரம் முழுக்க வலை, வலை முழுக்கக் கொடி. அது அலுமினிய வலை, எஃகு இல்லை. கொடிக்குப் பிடிகொம்பு வேண்டும், எடை குறைவாக இருக்க வேண்டும். அங்கே அது சரி. வீட்டுக்குள் கை படும் உயரத்தில், பேரன் காலால் உதைக்கும் இடத்தில், நான் எஃகுக்கே வாக்களிப்பேன்.

இனி கண் கணக்கு. வலை வாங்கப் போகிறவர்கள் இதை மட்டுமாவது மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணின் அகலத்தை, கண்ணும் கம்பியும் சேர்ந்த அகலத்தால் வகுத்து, வந்த விடையை அதாலேயே பெருக்கினால் வலையில் எவ்வளவு பங்கு திறப்பு என்று தெரியும். பத்து மில்லிமீட்டர் கண், இரண்டு மில்லிமீட்டர் கம்பி என்றால் பத்தைப் பன்னிரண்டால் வகுக்க வேண்டும். கடைசியில் 69 விழுக்காடு திறப்பு. மேசையிலிருந்த வேறு இரண்டு துண்டுகளை டீச்சரிடம் நீட்டினேன். ஒன்றில் கண் இரண்டு மில்லிமீட்டர், கம்பி ஒன்று. மற்றதில் கண் ஒன்று, கம்பி அரை. இரண்டிலும் திறப்பு 44 விழுக்காடுதான், கணக்கில் அண்ணன் தம்பி. ஆனால் கையில் எடுத்தால் சம்பந்தமே இல்லை. முதலாவது பார்த்ததும் கம்பி என்று சொல்லும், கட்டம் கட்டமாகத் தெரியும். இரண்டாவதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் கம்பி மறைந்து, சாம்பல் நிற மல்துணி போல, பனிமூட்டம் போல ஆகிவிடுகிறது. எடையிலும் முதலாவதற்கு இது பாதிதான்: சதுர மீட்டருக்கு நாலு கிலோ சொச்சம், இது இரண்டு சொச்சம். கடைக்காரர் கம்பிக்கு விலை சொல்கிறார். வீட்டில் உழைக்கப்போவது கண்.

டீச்சர் இரண்டாவதைத் தடவிக்கொண்டே, “பலகணி” என்றார்.

“என்ன டீச்சர்?”

“சன்னலுக்குப் பழைய பெயர் தம்பி. பல கண் உடையது பலகணி. கோயிலில் கல்லிலே ஓட்டை ஓட்டையாகக் குடைந்து வைத்திருப்பார்களே, வெளிச்சம் கொஞ்சமாகக் கசியும். காலதர் என்றும் சொல்வார்கள். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி.” பிறகு கணவர் பக்கம் திரும்பி, “கேட்டீர்களா, காற்றுக்கு வழி என்றுதான் பெயர் வைத்தார்கள். மீன் வாசனைக்கு அணை என்று வைக்கவில்லை” என்றார். சார் செய்தித்தாளை உயர்த்திக்கொண்டார்.

அன்று மாலையே ஒரு சோதனை வைத்தேன். எந்த வீட்டிலும் இதைச் செய்யாமல் நான் வலை போடுவதில்லை. செய்யாமல் போட்டு இரண்டு முறை சூடு பட்டிருக்கிறேன். வலையின் குணம் மெல்லிய திரைச்சீலையின் குணம்தான். எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் சுவர். எந்தப் பக்கம் இருட்டோ அங்கிருந்து பார்த்தால் வலையே இல்லை. பகலில் சன்னல்வலை வழியாக நாம் தெருவைப் பார்க்கலாம், தெருவிலிருப்பவன் நம்மைப் பார்க்க முடியாது. விளக்கு வைத்ததும் கதை தலைகீழ். வீவக நடைபாதையை ஒட்டிய அறையில் வலை மாட்டிவிட்டு, “யாருக்கும் தெரியாது” என்று பகல் பன்னிரண்டு மணிக்குச் சத்தியம் செய்துவிட்டுப் போகிற ஒப்பந்தக்காரர்களை எனக்குத் தெரியும். அன்றிரவு எட்டு மணிக்கு அந்தக் குடும்பம் அக்கம்பக்கத்தாருக்கு நாடகம் நடத்திக்கொண்டிருக்கும்.

ஒரு மீட்டர் சதுரத்தில் பெரிய கண் வலையைச் சட்டத்தில் கட்டிக் கொண்டுபோயிருந்தேன். சூரியன் சாய்ந்ததும் அதைச் சமையல் மேடையின்மேல் நிறுத்தி, சமையலறை விளக்கைப் போட்டு, கூடத்து விளக்கை அணைத்தேன். சார் சோபாவில் உட்கார்ந்தபடியே, ஏதோ பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு வாசிப்பது போல, “மூன்று டம்ளர், ஒரு குக்கர் மூடி, கழுவாத கரண்டி இரண்டு” என்று ஒப்பித்தார். டீச்சர் முகம் மாறியது. உடனே கைவிளக்கை எடுத்து, கூடத்துப் பக்கமாக வலையை ஒட்டி மேலிருந்து கீழே அடித்தேன். ஒவ்வொரு கம்பியின் முதுகும் மின்னியது. தொட்டி காணாமல் போய்விட்டது. “இப்போது?” என்றேன். “வலைதான் தெரிகிறது” என்றார் சார், சற்று ஏமாற்றத்தோடு. சமையலறைப் பக்கம் நின்றிருந்த டீச்சருக்கு மட்டும் அவர் சோபாவில் கால் ஆட்டுவதுவரை தெரிந்தது.

விடை கிடைத்துவிட்டது. கூடத்துப் பக்கம் உத்தரத்தை ஒட்டி ஒரு விளக்குப் பட்டை, வலையைத் தடவிக்கொண்டு ஒளி இறங்கும்படி. தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரம்வரை அந்த மல்துணி போன்ற நுண்வலை, அங்குலத்துக்குப் பதினேழு கண். சோபாவில் உட்கார்ந்திருப்பவரின் பார்வை அதற்குக் கீழேதான் இருக்கும். அதற்கு மேலே பெரிய கண் வலை, நின்று சமைக்கிறவருக்கு. அடுப்பை ஒட்டிய முனையில் வலையே கிடையாது, குறுகலான கெட்டிக் கண்ணாடி ஒன்று.

கண்ணாடி வேண்டாம் என்றவரிடம் ஏன் கண்ணாடி வைத்தாய் என்று கேட்கலாம். தாளிக்கிற அடுப்புக்கும் வலைக்கும் ஜென்மப் பகை. எண்ணெய் ஆவி கம்பியில் படியும், அதன்மேல் தூசி ஒட்டும். அந்த நுண்வலையில் ஒரு சதுர மீட்டருக்குள் நாலு லட்சத்துக்கு மேல் கம்பிச் சந்திப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஓர் இடுக்கு. ஆறு மாதத்தில் அது வலையாக இருக்காது, கம்பளியாக இருக்கும். ஜாலான் புசார் பக்கம் ஒரு காப்பிக்கடையில் தலைக்கு மேலே முழுக்கக் கம்பிவலை போட்டிருந்தார்கள், கிடங்கு மாதிரி இருந்தால்தான் இந்தக் காலத்தில் கூட்டம் வருமாம். அண்ணாந்து பார்த்தேன். ஒவ்வொரு கண்ணிலும் ஒரு சின்னத் தூசித் தாடி. காப்பியைக் கையால் மூடிக்கொண்டு குடித்தேன். துடைக்கக் கை எட்டாத இடத்தில் வலை போடுகிறவர்கள் முதலில் தங்கள் வீட்டு மின்விசிறி இறக்கையைப் போய்ப் பார்க்கட்டும்.

நுண்வலையை இரண்டு அடுக்காகப் போட்டால் தொட்டி இன்னும் நன்றாக மறையுமே என்று நடுவில் எனக்கு ஒரு யோசனை வந்தது. நாலு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு இரண்டு துண்டுகளை வைத்துப் பார்த்தோம். இரண்டு நெசவும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, குளத்தில் கல்லெறிந்தது போல அலை அலையாகக் கோலம் எழுந்தது. தலையை அசைத்தால் அலையும் அசைகிறது. ஹோட்டல் வரவேற்பறையில் அதையே காசு கொடுத்துச் செய்கிறார்கள். சார் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத் தலை சுற்றுகிறது என்று படுக்கப் போனார். யோசனையைச் சுருட்டி வைத்தேன்.

வலை சுங்கை காடுட்டில் ஒரு சிறு பட்டறையில் தயாரானது. அங்கே வெல்டர் ஒரு சிவகங்கைத் தம்பி. கைக்கு அமைதி அதிகம், பேச்சுக் குறைவு. வலை வேலையில் கடினம் எங்கே என்று கேட்டால் எல்லாரும் வெல்டிங் என்பார்கள். அவன் இழுப்பு என்பான். சுருளிலிருந்து வெட்டிய வலை சுருண்டுகொள்ளவே பார்க்கும். அதன் நான்கு ஓரமும் ஊசிப் படுக்கை. அதை மேசையில் விரித்து, ஒரு பக்கத்தைச் சட்டத்துக்குள் கவ்வ விட்டு, எதிர்ப்பக்கத்தில் கம்பிக் கண்களுக்குள் ஒரு தண்டைக் கோத்து, தண்டைத் திருகாணியால் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். ஒரு மூலையில் கூடுதலாக இழுத்தால் நேர்க்கோடுகள் எல்லாம் வில்லாகிவிடும். பாவு கோணினால் சேலையே கோணல் என்று அப்பா சொல்வது அங்கே நினைவுக்கு வந்தது. தம்பி ஒவ்வொரு திருகுக்கும் குனிந்து, கண்ணை வலையின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, வரி நேராக இருக்கிறதா என்று பார்த்தான். நான் உதவப் போய் இரண்டு விரல்களைக் கிழித்துக்கொண்டேன். “அண்ணே, நீங்கள் படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றான்.

மூன்று சட்டங்கள். வலை மட்டும் சுமார் பதினெட்டு கிலோ. அதே அளவுக்குப் பத்து மில்லிமீட்டர் கண்ணாடி வைத்திருந்தால் 144 கிலோ வந்திருக்கும். லிஃப்டில் ஏற்ற நாலு பேரைத் தேடியிருப்பேன். இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு போனோம். வீவக வீடுகளில் துளையிடுகிற, இடிக்கிற சத்தமெல்லாம் வார நாட்களில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரைதான். நாங்கள் கடைசித் துளையைப் போட்டபோது மணி நாலே முக்கால். அந்த அவசரத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். ஒரு சட்டத்தின் அடிமூலை அளவு பிசகியிருந்ததால், சிறிய வெல்டிங் இயந்திரத்தை வைத்து அங்கேயே பற்றவைத்துச் சரிசெய்தோம். பற்றவைத்த இடத்தில் வானவில் மாதிரி நீலமும் பழுப்புமாக ஒரு தடம் விழும். பட்டறையில் என்றால் அமிலப் பசை தடவி, அந்தத் தோலைத் தின்ன விட்டு, கழுவிவிடுவோம். வீட்டுக்குள் அந்த அமிலத்தைக் கொண்டுபோக முடியாது. தம்பி உரசும் தகட்டால் தேய்த்துப் பளபளப்பாக்கினான். கண்ணுக்கு நன்றாக இருந்தது. சட்டத்தைத் திருப்பிக் கொண்டுபோயிருக்க வேண்டும். போகவில்லை.

முதல் மாதம் டீச்சருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். சொந்தக்காரர்கள் வந்து பார்த்தார்கள். யாரோ ஒருவர் வலையைத் தடவிவிட்டு, “உங்கள் அம்மா வீட்டு அலமாரி மாதிரி இருக்கிறதே” என்றாராம். அதை என்னிடம் சொல்லும்போது டீச்சர் செம்பவாங்குக்கே போய்விட்டார். அவருடைய அப்பா அங்கே கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். அந்தக் குடியிருப்புச் சமையலறையில் கம்பிவலைக் கதவு போட்ட ஒரு மர அலமாரி இருந்தது. நாலு காலும் நாலு கிண்ணத் தண்ணீரில் நிற்கும், எறும்பு ஏறாமலிருக்க. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலம். காலையில் வைத்த மீன்குழம்பு அதற்குள் மூச்சு விட்டுக்கொண்டு ராத்திரிவரை கிடக்கும். ஈ வெளியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். “எங்களுக்குள் பெரிய பரீட்சையே, கதவைத் திறக்காமல் உள்ளே என்ன குழம்பு என்று கண்டுபிடிப்பது. வலையில் மூக்கை வைத்து அழுத்துவோம். சாப்பிடக் கூப்பிடும்போது எல்லார் மூக்கிலும் கட்டம் கட்டமாக அச்சு இருக்கும். அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.”

மூன்றாம் மாதம் தொலைபேசி வந்தது. இந்த முறை குரலில் செம்பவாங் இல்லை. “தம்பி, எவர்சில்வர் என்றீர்கள். வந்து பாருங்கள்.”

போனேன். அடிப்பக்க நுண்வலையில், தரையிலிருந்து ஒரு சாண் உயரம்வரை, மஞ்சளும் பழுப்புமாகப் புள்ளிகள், தேமல் மாதிரி. நான் அவசரத்தில் பற்றவைத்த மூலையில் மட்டும் திட்டாக. டீச்சரின் மருமகன் அங்கே காந்தத்தோடு உட்கார்ந்திருந்தார், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் சின்னக் காந்தம். அதை வலையில் வைத்துக் காட்டினார். லேசாக இழுத்தது. “நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது என்று என் அப்பா சொல்வார்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். வார்த்தைக்குப் பின்னால் இருந்தது எல்லாருக்கும் புரிந்தது.

நான் டீச்சரிடம் ஒரு எவர்சில்வர் டம்ளர் கேட்டேன். தட்டையான அடியில் காந்தத்தை வைத்தேன். ஒட்டவில்லை. விளிம்பு மடித்த இடத்தில் வைத்தேன். லேசாக இழுத்தது. மருமகனின் புருவம் ஏறியது. 304 என்ற ரகத்தில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் எட்டு விழுக்காடு நிக்கலும் கலந்திருக்கும். நிக்கல் அந்த எஃகைக் காந்தத்துக்கு மசியாத அமைப்பில் உட்கார வைக்கிறது. ஆனால் அதைக் குளிர்ந்த நிலையிலேயே இழுத்து, மடித்து, நெரித்தால் அமைப்பில் ஒரு பங்கு மாறி, காந்தத்துக்கு இணங்க ஆரம்பிக்கும். கம்பி என்பதே அச்சுத் துளைகளின் வழியே இழுத்து இழுத்து மெலிய வைத்ததுதான். பிறகு நெசவில் வேறு வளைக்கிறோம். ஆகவே வலையில் காந்தம் லேசாக இழுத்தால் சரக்கு போலி என்று ஆகாது. மருமகன் டம்ளரைத் தானும் இரண்டு முறை சோதித்துவிட்டு, காந்தத்தைப் பழையபடி பெட்டிக் கதவில் கொண்டுபோய் ஒட்டினார்.

சரக்கு போலி இல்லை. தேர்வு தப்பு. தப்பு என்னுடையது. எவர்சில்வருக்குத் துரு வராது என்பதற்குக் காரணம், அதிலிருக்கும் குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே போர்த்திக்கொள்கிற ஒரு சவ்வு. மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் சில பங்குதான் அதன் கனம். கீறினால் தானே வளர்ந்துவிடும், காற்று இருக்கும்வரை. அந்தச் சவ்வுக்கு எமன் குளோரைடு. கடற்கரைக் காற்றில் அது இருக்கிறது. சட்டியில் போடும் உப்பில் இருக்கிறது. சமையலறைத் தரையை வாரம் இருமுறை வெளுப்புத் திரவம் ஊற்றித் துடைக்கிற பழக்கம் அந்த வீட்டில் இருந்தது. அதன் வேலையே குளோரின். துடைப்பான் ஒவ்வொரு முறையும் வலையின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குத் தெறித்திருக்கிறது. கம்பிச் சந்திப்பின் இடுக்கில் ஈரம் நின்று காய்ந்து, உப்பு சேர்ந்து, மறுபடி நனைந்திருக்கிறது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நான் 316 ரகம் எடுத்திருக்க வேண்டும். அதில் இரண்டு மூன்று விழுக்காடு மாலிப்டினம் உண்டு, குளோரைடுக்கு எதிர்நின்று பிடிக்கும். வீட்டுக்குள்ளேதானே, 304 போதும் என்று விலைப்பட்டியலைப் பார்த்து முடிவெடுத்தவன் நான். சன்னல் திறந்திருக்கும் ஒன்பதாவது மாடியில் ‘உள்ளே’ என்று ஒன்று இல்லை. பற்றவைத்த மூலையில் சவ்வு ஏற்கெனவே நொந்து கிடந்தது, அதனால் அங்கே திட்டு. பெயரில் ‘எவர்’ இருப்பதால் துடைக்காமல் விடலாம் என்று பொருளில்லை என்பதையும் டீச்சரிடம் நான் முதல் நாளே சொல்லவில்லை.

இதில் வேதனை என்னவென்றால், இந்த ஊரில் எஃகை நம்பவேண்டிய இடமும் நம்பிக்கை தவறினால் என்ன ஆகும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். சன்னல்கள் கீழே விழுந்துகொண்டிருந்த காலத்தில், 2004 அக்டோபரிலிருந்து, வெளிப்புறம் திறக்கும் சன்னல்களில் அலுமினியத் தறையாணிகளை (ரிவெட்) எடுத்துவிட்டு எஃகுத் தறையாணி போட வேண்டும் என்று உத்தரவே வந்தது. அலுமினியம் தேய்ந்து அறுந்துவிடுகிறது என்பதுதான் காரணம். 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீடுகளில் உரிமம் எடுத்து இரண்டு பூனைவரை வளர்க்கலாம் என்றானபின், சன்னலுக்கு வலை போட என்னைக் கூப்பிடுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பூனை வலையில் நான் ரகத்தைப் பற்றி ஒரு நாளும் சமரசம் செய்துகொண்டதில்லை. பத்தாவது மாடியில் ஒரு கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்று தெரிந்ததால்தான். டீச்சர் வீட்டில் விழப்போவது என் பெயர் மட்டும்தானே என்று நினைத்தேன் போலிருக்கிறது.

சட்டங்கள் மூன்றையும் கழற்றிக்கொண்டு போனேன். என் செலவில் 316 வலை. சிவகங்கைத் தம்பி பட்டறையிலேயே எல்லா வெல்டிங்கையும் முடித்து, அமிலப் பசை தடவிக் கழுவி, இரும்பு வேலைக்கு எடுத்த உரசும் தகடு பக்கத்தில்கூட வராமல் புதுத் தகடு போட்டு வேலை செய்தான். பழைய தகட்டில் ஒட்டியிருக்கும் இரும்புத்தூள் எவர்சில்வரில் பதிந்தால் அதுவே புள்ளி புள்ளியாகத் துருவேறும், சரக்கின்மேல் பழி வரும். இந்த முறை வலை தரையைத் தொடவில்லை. அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கருங்கல் மேடை கட்டி அதன்மேல் நிறுத்தினேன். வெளுப்புத் திரவம் ஒழிந்தது. வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திர சோப்பும் மெத்தென்ற தூரிகையும், நெசவு போகும் திசையில். பிறகு நல்ல தண்ணீர், பிறகு உலர்ந்த துணி. டீச்சர் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறார், மருமகனின் அந்தக் காந்தத்தால். ‘வெதுவெதுப்பான’ என்று நான் அனுப்பிய குறுஞ்செய்தியில் இருந்த எழுத்துப்பிழையைத் திருத்தி.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது ஏறிப் பார்த்தேன். புள்ளி இல்லை. நான் பொத்திப் பொத்தி வடிவமைத்த மேல்வலையில் கொக்கி மாட்டி, நாலு கரண்டி, ஒரு இடியாப்பத் தட்டு, பேரன் வரைந்த டைனோசர், நடுவில் ஒரு முழம் மல்லிகை தொங்கிக்கொண்டிருந்தன. படமெடுத்து என் வேலைத் தொகுப்பில் போடலாம் என்றிருந்தேன். போடவில்லை. சார் சோபாவில்தான் இருந்தார். “மீன் வாசனை இன்னும் வருகிறது” என்றார்.

டீச்சர் உள்ளேயிருந்து ஒன்றை எடுத்துவந்தார். மிச்சம் விழுந்த நுண்வலைத் துண்டு, இரண்டு சாண் இருக்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று நான் கொடுத்துவிட்டுப் போனது. அதைச் சுற்றிப் பழைய துணிப்பட்டை வைத்துத் தைத்து ஓரத்தை அடக்கியிருந்தார், கை கிழியாமலிருக்க.

“மாவுக்கு ஆகாது, கண் பெரிது. கடுகு நிற்கிறது, தூசி விழுகிறது” என்று கடுகைப் போட்டு ஆட்டிக் காட்டினார். “ஒரே குறை. பிடி இல்லை. அந்த வெல்டர் தம்பியிடம் சொல்லி ஒரு பிடி வைத்துத் தர முடியுமா?”

சனிக்கிழமை சுங்கை காடுட் போகும்போது எடுத்துப் போகிறேன். அமிலப் பசையை மறக்காதே என்று தம்பிக்கு இப்போதே செய்தி அனுப்பிவிட்டேன்.